உழைக்கும் கையும் சங்கத்தின் சொத்தே

சங்கத்தின் ஆண்டறிக்கையை எடுத்துப் பார்ப்போர், நூல் இருப்பு இவ்வளவு, ஜவுளி இருப்பு இவ்வளவு, விதை உரம் இவ்வளவு, கட்டடமும் தளவாடமும் இவ்வளவு என்று காசு பிசகாமல் எழுதப்பட்டிருப்பதைக் காண்பர். எலி கடித்த நூல் சிட்டத்துக்கும் அதில் ஓர் இடம் உண்டு. ஆயின், அத்தனைக்கும் மூலமாகிய ஒன்று அக்கணக்கில் எங்குமே காணப்படுவதில்லை. அதுதான் அங்கத்தினரின் கை. அந்தக் கைக்கு வருகின்ற ஒரு நோயைப் பற்றியும், அதன்பால் சங்கத்துக்கு உள்ள கடமையைப் பற்றியும் நமது கருத்தை இவ்விதழில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் பணப் பட்டுவாடா நடந்த ஒரு நாளில், பதிவேட்டில் கையெழுத்திட வந்த அம்மையார் ஒருவரின் விரலிடையிலிருந்து பேனா இருமுறை நழுவி விழுந்தது. மூன்றாம் முறை அவர் அதனை முழுக் கையாலும் பற்றிக்கொண்டு பெயரை எழுதினார். என்னவென்று வினவினோம். “ராத்திரியெல்லாம் கை மரத்துப் போகுதுங்க. உதறி உதறி விட்டாத்தான் தூக்கம். வயசாச்சில்ல?” என்றார். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அவர் அவ்வாறு சொன்னதும், பின்னால் நின்றிருந்த வேறு சிலரும் தத்தம் கைகளை நீட்டித் தமக்கும் அப்படியே என்றனர். ஒருவர் வாயு என்றார். ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்றார். ஒருவர் விதி என்றார். மருத்துவரிடம் காட்டியவர் அவர்களுள் ஒருவருமில்லை. இதுவே நம்மை வருத்தியது.

மணிக்கட்டில் நிகழ்வது என்ன?

இந்நோய்க்கு மருத்துவர்கள் கார்ப்பல் டன்னல் சிண்ட்ரோம் என்று பெயரிட்டுள்ளனர். மணிக்கட்டுக் குகை நோய் என்று நாம் சொல்லலாம். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் ஓடம் போல் வளைந்து அமைந்திருக்கின்றன. அவ்வளைவின் மேல், உள்ளங்கைப் பக்கமாக, உறுதியான ஒரு தசைநார் கூரையிட்டாற்போல் குறுக்கே கட்டப்பட்டிருக்கிறது. கீழே எலும்பும் மேலே தசைநாருமாக அமைந்த இந்தக் குறுகிய வழியில், விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் நடுநரம்பு என்னும் ஒரு நரம்பும் உடன் செல்கின்றன. எலும்பும் விரியாது, கூரையும் எளிதில் தளராது. ஆதலின், நாண்களின் உறை சற்று வீங்கினாலும், நீர் கோத்தாலும், மணிக்கட்டு நெடுநேரம் மடங்கியே இருந்தாலும், உள்ளே நெருக்கம் மிகுகிறது. நாண்கள் வலியவை, தாங்கிக்கொள்ளும். நசுங்குவது மென்மையான நரம்பேயாகும்.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி தருவது இந்நரம்பு. பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவந்து ஒரு பொருளைப் பற்றச் செய்யும் தசைக்கும் இதுவே உயிர் கொடுக்கிறது. அறுந்த இழையை முடியும் நெசவாளருக்கும், நாற்றைப் பிரித்து நடும் உழவருக்கும் இந்த மூன்று விரல்களின் துணையின்றி ஒரு நாழிகையும் செல்லாது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த அறிவு புதியதன்று. முறிந்த மணிக்கட்டினால் நடுநரம்பு நசுங்கியதை இங்கிலாந்தின் ஜேம்ஸ் பாஜெட் 1854-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். 1913-இல் பிரான்சு நாட்டின் மரீ, ஃபுவா என்னும் இருவர், இறந்துபோன ஒரு முதியவரின் கைகளை ஆராய்ந்து, தசைநாரின் கீழே நரம்பு நசுங்கி மெலிந்திருப்பதைக் கண்டனர். அத்தசைநாரை உரிய காலத்தில் வெட்டிவிட்டிருந்தால் அந்தக் கை செயலிழந்திராது என்றும் கூறினர். 1950-ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்க நாட்டின் ஜார்ஜ் ஃபேலன் தொடர்ந்து எழுதியதன் பயனாக, உலகெங்கும் மருத்துவர்கள் இதனை எளிதில் கண்டறியக் கற்றுக்கொண்டனர். அவ்வளவு காலமாக அறியப்பட்டிருக்கும் ஒரு நோயை, இன்றும் நம்மவர் விதியென்று சொல்லிச் சுமந்துவருவது தகுமா?

அறியும் வழி

இந்நோய் பெரும்பாலும் இரவில்தான் தன்னைக் காட்டும். உறங்கும்போது நாம் அறியாமலே மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம், நெருக்கம் கூடுகிறது. நள்ளிரவில் விரல்கள் மரத்து, எறும்பு ஊர்வது போலாகி, எரிச்சலுடன் விழிப்பு ஏற்படும். கையை உதறினால் சற்றுத் தணியும். பின்னர் பகலிலும், அரிவாளைப் பிடிக்கும்போதும், கைப்பேசியைக் காதில் வைத்திருக்கும்போதும், பேருந்தின் கம்பியைப் பற்றி நிற்கும்போதும் மரத்துப் போகும். அதன்பின் பிடி தளர்ந்து தம்ளர் நழுவும். சட்டைப் பொத்தானைப் போட முடியாது. கடைசியாக, பெருவிரலின் அடியிலுள்ள சதைமேடு வற்றித் தட்டையாகும். அந்நிலை வரும்போது வலி குறைந்திருக்கவும் கூடும். வலி நின்றது கண்டு நோய் நீங்கிற்று என்று மகிழ்வது பேதைமை. உணர்ச்சி செத்ததனால் நின்ற வலியாக அது இருக்கலாம்.

வீட்டிலிருந்தபடியே செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனையும் உண்டு. இரு புறங்கைகளையும் மார்புக்கு நேரே ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்கத் தொங்குமாறு ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். அதற்குள் மேற்சொன்ன விரல்கள் மரத்தால் ஐயம் வலுக்கிறது. ஃபேலனின் பெயரால் வழங்கும் சோதனை இதுவே. எனினும் இதுவே முடிவான தீர்ப்பன்று. நரம்பில் மின்னோட்டம் செல்லும் வேகத்தை அளக்கும் சோதனையும், மருத்துவரின் கண்ணும் கையும் சேர்ந்தே முடிவு கூற வேண்டும்.

மரத்துப் போகும் கையெல்லாம் இந்நோயுற்ற கை என்றும் கொள்ளலாகாது. சுண்டுவிரல் மட்டும் மரத்தால் முழங்கையில் நசுங்கும் வேறொரு நரம்பு காரணமாகலாம். கழுத்தெலும்பின் தேய்மானமும் கையில் வந்து தெரியும். இரு பாதங்களும் சேர்ந்து மரத்தால் சர்க்கரை நோயை நினைக்க வேண்டும். தோலில் உணர்ச்சியற்ற, வெளுத்த அல்லது சிவந்த படை இருந்தால் தொழுநோயா என்று பார்த்தாக வேண்டும், அதற்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம், குணமும் உறுதி, மறைப்பதே கேடு. திடீரென ஒரு பக்கக் கை மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால், அது மூளையில் இரத்தவோட்டம் தடைப்பட்டதன் அறிகுறி. ஒரு நொடியும் தாமதியாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

தொழில்தான் காரணமா?

இவ்வினாவுக்கு நேர்மையான விடை கூறுவது நம் கடமை. தொழில் ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதியாக வருகிறது. சர்க்கரை நோய், தைராய்டுக் குறைவு, மூட்டுவாதம், உடற்பருமன், முன்பு ஏற்பட்ட எலும்பு முறிவு ஆகியவை இதற்கு இடங்கொடுக்கும். கர்ப்பிணிகளுக்கு நீர் கோப்பதால் வந்து, பெரும்பாலும் பேற்றுக்குப் பின் தணிந்துவிடும். ஆதலின், கை மரத்தவர் இரத்தத்தில் சர்க்கரையையும் தைராய்டையும் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆயினும் தொழிலை முற்றிலும் விடுவிக்கவும் இயலாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில் இந்நோய் இடம்பெற்றிருக்கிறது. விசையுடன் ஒரே செயலை நெடுங்காலம் திரும்பத் திரும்பச் செய்தல், அதிர்வு, மணிக்கட்டை மிகவும் வளைத்து வேலை செய்தல் ஆகிய மூன்றும், அல்லது அவை ஒன்றுகூடுதலும் இதற்குக் காரணமென அப்பட்டியல் கூறுகிறது.

நம் தொழில்களை இம்மூன்றோடும் ஒப்பிட்டுப் பார்ப்போம். 1733-இல் இங்கிலாந்தின் ஜான் கே விசை நாடாவைக் கண்டபின் நெசவின் வேகம் பெருகியது. ஒரு கை கயிற்றை வெட்டியிழுக்க, மறு கை பலகையை அடிக்கும் வழக்கமும் நிலைத்தது. அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால், ஐந்தரை மீட்டர் சேலை ஒன்றுக்கு ஏறக்குறைய 13,000 இழுப்பும் அத்தனை அடியும் வேண்டும். நம் மாவட்டத்தின் ஆரணிப் பக்கத்துத் தறிக்காரர்களைக் கேட்டால் இக்கணக்கின் பொருள் விளங்கும். தார் சுற்றுவதும் பாவு புணைப்பதும் வீட்டுப் பெண்களின் விரல்களுக்கு உரியவை. அவை கூலிக் கணக்கில் தனியே தெரிவதும் அரிது.

தறியோசை குறைந்த கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் இதே வேலையை மணிலாக் கொட்டை செய்கிறது. விதைப்புக்கான பருப்பு நசுங்கலாகாதென்று, நாட்கணக்கில் பெருவிரலும் சுட்டுவிரலும் கொண்டு தோலை நசுக்கி உடைக்கிறார்கள். களை வெட்டும் கை, கரும்பு வெட்டும் கை, நெல் அறுக்கும் கை ஆகியவையும் இவ்வாறே. விடியலிலும் மாலையிலும் மாட்டின் மடியைப் பற்றிப் பால் கறக்கும் கைக்கு ஆண்டில் ஒரு நாளும் விடுமுறை கிடையாது. இதே பெண்கள் வீடு திரும்பியபின் மாவரைத்து, துணி பிழிந்து, குடமும் தூக்குகின்றனர். அந்தக் கை இரவில் விழித்துக்கொண்டு அழுவதில் வியப்பென்ன?

சிகிச்சை

தொடக்கத்திலேயே வந்தவர்க்கு வைத்தியம் மிக எளிது. மருத்துவர் ஸ்பிளிண்ட் என்று சொல்லும் மணிக்கட்டுப் பட்டையை இரவில் அணிந்து, மணிக்கட்டை நேராக வைத்து உறங்குவதே முதற்படி. இறுகக் கட்டலாகாது, ஓரிரு நாளில் கைவிடவும் ஆகாது, ஆறு வாரமேனும் அணிந்து பார்க்க வேண்டும். அத்துடன் வேலையின் விசையையும் குறைக்க வேண்டும். இதனால் தணியாதபோது, மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவர். சில வாரங்களோ மாதங்களோ நல்ல சுகம் தரும். சிலருக்கு நோய் திரும்பவும் கூடும். சர்க்கரை நோயாளிக்குச் சில நாள் சர்க்கரை ஏறுமாதலால் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

உணர்ச்சி மங்கி, சதை வற்றத் தொடங்கியவர்க்கு அறுவைச் சிகிச்சையே தக்க வழி. கூரையாகிய அத்தசைநாரை வெட்டி நரம்புக்கு இடம் விடுவதே அச்சிகிச்சை. பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச் செய்து, குறைந்த நேரத்தில் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். கத்தி பட்ட கை தறிக்கு உதவாது என்று நம்மவரிடையே ஓர் அச்சம் உண்டு. மிகப் பலருக்கு இரவு வேதனை விரைவில் நீங்குகிறது. ஆனால் மரத்த விரலில் உணர்ச்சி மெல்ல மெல்லவே திரும்பும். உள்ளங்கையின் அடிப்பக்கம் சில வாரம் நோகும். பழைய வலிமை வர இரண்டு மூன்று மாதமும் ஆகலாம். நெடுநாள் நசுங்கிக் கிடந்த நரம்பு முழுதும் மீளாமலே போகவும் கூடும். இதனால்தான் காலம் தாழ்த்தலாகாது என்று வற்புறுத்துகிறோம்.

எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒற்றடம் கொடுப்பதை நாம் பழிக்கவில்லை, இதமளிக்கும். ஆனால் அது உள்ளிருக்கும் கூரையைத் தளர்த்தாது. மணிக்கட்டை அழுத்தி நீவுவது, நசுங்கிய நரம்பை மேலும் நசுக்கக் கூடும். மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரை, நாட்பட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நரம்பின் நெருக்கத்தை நீக்காது. நரம்புச் சத்து மாத்திரை என்று பி6 வைட்டமினை அளவுக்கு மீறி உண்பதோ நரம்பையே கெடுக்க வல்லது.

உதவி தொலைவில் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கித் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இயங்குகிறது. நமக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 1940-களின் இறுதியில், பால் பிராண்டு என்னும் மருத்துவர் தொழுநோயால் மடங்கிய விரல்களுக்கு நாண் மாற்றி அறுவை செய்து, அவை மீண்டும் தொழில் செய்யுமாறு உதவினார். உலகம் கைவிட்ட கைகளையே திருத்திய மண் இது. நாமோ திருத்தத்தக்க கைகளைத் திருத்தாமல் விட்டுவைத்திருக்கிறோம்.

சங்கம் செய்யத்தக்கது

மருத்துவரிடம் போகாதிருப்பது அறியாமை ஒன்றினால் மட்டுமன்று. நெய்த சேலைக்குத்தான் கூலி. கறந்த பாலுக்குத்தான் பணம். இரண்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்தால் அடுப்பெரிவது எங்ஙனம்? ஓய்வெடுங்கள் என்று எழுதிக் கொடுக்கும் மருத்துவச் சீட்டு, மாதச் சம்பளக்காரருக்கு மருந்து. நம் அங்கத்தினருக்கோ அது ஒரு தண்டனை. தொழில்நோய்க்கு இழப்பீடு தரும் சட்டங்கள் முதலாளி ஒருவன் இருப்பதாகக் கொண்டே எழுதப்பட்டவை. சொந்தத் தறியிலும் சொந்த நிலத்திலும் உழைப்பவர் யாரிடம் போய்க் கேட்பார்? கேட்பதற்கு அவருக்கு உரிமையுள்ள இடம் ஒன்றுதான். அது அவருடைய சங்கம்.

ஆதலின் நாம் சில யோசனைகளை முன்வைக்கிறோம். முதலாவதாக, ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக்கு ஒரு முறையேனும், கூலி நாளிலேயே மருத்துவர் ஒருவரை அழைத்து, அங்கத்தினரின் கைகளையும் சர்க்கரையையும் பார்க்கச் செய்யலாம். தனியே ஒரு நாள் வைத்தால் வேலையை விட்டு எவரும் வாரார். வீட்டில் தார் சுற்றும் பெண்களையும் தவறாது வரச் சொல்ல வேண்டும்.

இரண்டாவதாக, மணிக்கட்டுப் பட்டைகளை மொத்தமாக வாங்கி வைத்து, மருத்துவர் சொன்னவர்க்கு அடக்க விலையில் கொடுக்கலாம். உரம் விற்கும் சங்கத்துக்கு இது பெரிய வேலையன்று.

மூன்றாவதாக, கருவிகளைச் சீர்திருத்த வேண்டும். கயிற்றின் பிடி மெலிதாயின் துணி சுற்றித் தடிக்கச் செய்யலாம். நாடா ஓடும் வழி வழவழப்பாயிருந்தால் இழுக்கும் விசை குறையும். இருக்கையின் உயரத்தை, மணிக்கட்டு நேராக இருக்குமாறு அமைக்கலாம். மழுங்கிய அரிவாள் கையைத் தின்னும். கூரான அரிவாள் கையைக் காக்கும். கடலை உடைக்கும் கை இயந்திரத்தைச் சங்கம் வாங்கி வாடகைக்கு விடலாம். விதைக் கடலையை மட்டும் கையால் உடைப்போர், ஒரே மூச்சில் உடைக்காமல் வேறு வேலையோடு மாற்றி மாற்றிச் செய்யலாம். அரைமணிக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் கையைத் தொங்கவிட்டு விரல்களை நீட்டுவதால் ஒரு முழத் துணியும் குறைந்துவிடாது.

நான்காவதே முதன்மையானது. அறுவைச் சிகிச்சை பெறும் அங்கத்தினருக்கு, கை தேறும் வரையில் வாரந்தோறும் ஒரு சிறு தொகை கிடைக்க வழி வேண்டும். ஆதாயத்தில் பொது நன்மைக்கென ஒதுக்குவதில் ஒரு பங்கும், அங்கத்தினர் மாதந்தோறும் இடும் சிறு சந்தாவும் சேர்ந்தால் இது கைகூடும். அத்துடன் அவருடைய கடன் தவணையை அக்காலத்துக்குத் தள்ளிவைக்கவும் வேண்டும்.

சங்கம் வியாபாரம் செய்வதற்கேயன்றி வைத்தியசாலை நடத்துவதற்கன்று என்று சிலர் கூறுவர். நிதி நிலைமை இடங்கொடாது என்பர் வேறு சிலர். நிதி முடை உண்மையே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் கூட்டுறவுக் கடையைத் தொடங்கிய 28 பேரும் ஏழைகளே. அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். மாவும் வெண்ணெயும் விற்கத் தொடங்கிய அவர்கள், அங்கத்தினருக்கு வீடு கட்டுவதையும் வேலையற்றோருக்கு வேலை தருவதையும் அன்றே தங்கள் நோக்கங்களுள் எழுதி வைத்தனர். கையில் காசு சேர்ந்த பின் கருணை காட்டலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. மேலும், கை ஓய்ந்த அங்கத்தினர் கடனைத் திருப்புவதும் இல்லை. சரக்கைக் கொண்டுவருவதும் இல்லை. ஆகவே, வியாபாரக் கண்கொண்டு பார்த்தாலும் கையைக் காப்பதே சங்கத்துக்கு லாபம்.

அங்கத்தினர்க்கும் ஒரு சொல். இரவில் கை மரத்து எழுந்தால், வயதென்றும் விதியென்றும் சொல்லி மீண்டும் படுத்துவிடாதீர்கள். எந்த விரல், எத்தனை நாளாக என்று குறித்துக்கொண்டு, இம்மாதத்திலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த பொதுக்குழுவில் எழுந்து, கைக்கென்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானத்துக்கு ஆதரவாக உயர வேண்டியவையும் அந்தக் கைகளே அல்லவா?